அடைக்கு உட்கார்ந்த கோழி: முட்டை வைப்பதா, தெளிய வைப்பதா? முதல் 2 நாளில் எடுக்க வேண்டிய முடிவு

நேற்று வரை நாள் தவறாமல் முட்டை கொடுத்த கோழி, இன்று காலையில் கூட்டை விட்டு இறங்கவே இல்லை. கையை நீட்டினால் இறகு எல்லாத்தையும் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல் உறுமி, கொத்த வருகிறது. தூக்கி வெளியே விட்டால் ரெண்டு நிமிஷம் 'கொக்... கொக்...' என்று சுற்றிவிட்டு, மறுபடியும் அதே மூலைக்குத்தான் ஓடுகிறது. அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெறும் வைக்கோல்!

"கோழி அடைக்கு உக்காந்துருச்சு" என்று தென் மாவட்டங்களில் சொல்வதும், "அவயத்துக்கு வந்துருச்சு" என்று கொங்குப் பகுதியில் சொல்வதும் இதைத்தான். கோழி வளர்த்துப் பழகிய வீடுகளில் இது ஒரு செய்தியே இல்லை. ஆனால் கடந்த சில வருஷங்களில் மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் நாலு கோழி வாங்கிவிட்டவர்களுக்கு முதல் தடவை இதைப் பார்க்கும்போது பயம்தான் வருகிறது. கோழிக்கு ஏதோ சீக்கு வந்துவிட்டது என்று நினைத்து மருந்து தேடுகிறவர்கள் உண்டு. அவசரப்பட்டு அறுத்துவிடுகிறவர்களும் உண்டு.

மூணு நாலு கோழி மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு கோழி ஒரு மாதம் முட்டையை நிறுத்தினால், அது பிள்ளைகள் தட்டிலேயே தெரியும். முட்டை விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வி: அடைக்கு வந்த கோழியை என்ன செய்வது?

இது சீக்கா, அடையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால், அடைக்கோழியும் சில நேரம் சீக்குக்கோழி மாதிரியே இருக்கும். கொண்டை வெளிறிப் போகும். தீனி குறையும். நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. கோழியைத் தூக்கிக் கூட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் தரையில் விடுங்கள். அடைக்கோழி உடம்பை உப்பிக்கொண்டு, வாலை விரித்து, கோபமாகச் சத்தம் போட்டபடி நடக்கும். மற்ற கோழி குறுக்கே வந்தால் விரட்டும். அவசர அவசரமாக ரெண்டு கொத்து தீனி, ஒரு வாய் தண்ணீர், பிறகு நேராகக் கூட்டுக்கு. போகும் வழியில் பெரிசாக, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு ஒரு எச்சம் போடும். நாள் முழுக்க அடக்கி வைத்து ஒரே தடவை போடுவதால்தான் அப்படி. பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சீக்குக்கோழி அப்படி நடக்காது. விட்ட இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கழுத்து திருகினாலோ அது கோழிக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முட்டை உள்ளே சிக்கிக்கொண்ட கோழியும் கூட்டுக்குள்ளேயே உட்காரும். ஆனால் அது வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அடிக்கடி முக்கும். கையை நீட்டினால் கொத்த வராது. அதற்கும் தாமதிக்காமல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கோழியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து 'புரோலாக்டின்' என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன்தான். கோழிக்குப் பால் இல்லை. அதற்குப் பதிலாக, உட்கார்ந்து அடைகாக்கிற குணம் வருகிறது. புரோலாக்டின் ஏறும்போது சினைப்பை சுருங்குகிறது, முட்டை நிற்கிறது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும். தொட்டால் சூடாக இருக்கும். முட்டைக்கு அந்தச் சூடு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்த ஹார்மோன் தானாக ஏறி, தானாக இறங்குவது மட்டும் இல்லை. கூடு, இருட்டு, வயிற்றில் முட்டை படுகிற உணர்வு எல்லாம் சேர்ந்து அதை ஏற்றியபடியே வைத்திருக்கின்றன. கோழி கூட்டில் எவ்வளவு நேரம் உட்காருகிறதோ, அவ்வளவுக்கு அடை கெட்டிப்படும். கூட்டை எடுத்துவிட்டால் ஹார்மோன் இறங்கும். கீழே சொல்லப்போகிற எல்லா வழிகளுக்கும் அடிப்படை இதுதான். முதல் ரெண்டு நாளில் முடிவெடுங்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

எல்லாக் கோழியும் அடைக்கு வருமா?

வராது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகளிடம் இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடைக்கு உட்காராத கோழிகளாகவே பல தலைமுறை தேர்ந்தெடுத்து வந்ததால்தான் அவை வருஷத்துக்கு 300 முட்டை வரை கொடுக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற புறக்கடை ரகங்களும் பெரும்பாலும் அடைக்கு வராது.

நம்ம ஊர் சிறுவிடை, பெருவிடை, அசீல் எல்லாம் நேர் எதிர். 10, 15 முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் என்று நாட்டுக்கோழியைக் குறைத்துச் சொல்வார்கள். அதில் பெரிய பங்கு அடைகாத்து, குஞ்சு வளர்ப்பதில் போகும் நாட்களுடையது. கடக்நாத் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. கருங்கோழி என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் கவனிக்க: அது நாட்டு இனமாக இருந்தாலும், நம்பி முட்டை வைக்கிற அளவுக்கு நல்ல அடைக்கோழி இல்லை. அதன் முட்டையை நல்ல சிறுவிடைக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம்.

கண்டுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

"21 நாள் ஆனா தானா எந்திரிச்சுடும்" என்று சொல்வார்கள். முட்டை இருந்து, குஞ்சும் பொரித்தால் எழும். வெறுங்கூட்டில் உட்கார்ந்த கோழிக்கு 21 நாள் முடிந்தது எப்படித் தெரியும்? குஞ்சின் சத்தம் கேட்காத வரை ஒரு மாதம், அதற்கு மேலும்கூட உட்கார்ந்திருக்கும் கோழிகள் உண்டு.

அந்த நாட்களில் ஒரு நாளைக்கு 15 முதல் 30 நிமிஷம்தான் வெளியே வரும். எடை கரையும். மண்ணில் புரண்டு குளிக்காததால் பேனும் செள்ளும் பெருகும். அந்தக் கூட்டிலேயே மற்ற கோழிகளும் வந்து முட்டை இடும். அதையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும். ரெண்டு மூணு நாள் சூடேறிய முட்டையை நீங்கள் தெரியாமல் எடுத்து வந்து வாணலியில் உடைத்தால், உள்ளே ரத்தக்கோடு ஓடியிருக்கும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டில் யாரும் ஆம்லெட் சாப்பிட மாட்டார்கள்.

கோடையில் ஆபத்து இன்னும் அதிகம். தகரக் கூரைக்கு அடியில், கத்திரி வெயில் நேரத்தில், தண்ணீருக்குக்கூட எழாமல் உட்கார்ந்து கோழியே செத்துப்போவது நடக்கிறது. ஆக, வைப்பது, கலைப்பது என்று ரெண்டே வழிதான் இருக்கிறது. சும்மா விடுவது மூன்றாவது வழி இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் சேவல் இருக்கிறதா, குஞ்சு வளர்க்க இடம் இருக்கிறதா, கோழி நல்ல எடையோடு இருக்கிறதா, வெயில் உச்சத்தில் இல்லையா? நாலுக்கும் 'ஆமாம்' என்றால் முட்டை வைக்கலாம். கரண்டு செலவில்லாத இன்குபேட்டரும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடரும், பருந்து வந்தால் சண்டை போடுகிற காவலாளியும் ஒரே கோழியில் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்பானேன்?

ஆனால் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 21 நாள் அடை. பிறகு குஞ்சுகளோடு ரெண்டு, மூணு மாதம். அதாவது, இயல்பாக விட்டால் மூணு மாதத்துக்குக் குறையாமல் அந்தக் கோழியிடமிருந்து முட்டை கிடையாது. கலைத்துவிட்டால் ரெண்டு, மூணு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரலாம். முட்டைதான் முக்கியம் என்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

போன ஈட்டுக் குஞ்சை வளர்த்து இப்போதுதான் தேறி வருகிற கோழி, நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுகிற கோழி, இவை எவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்தாலும் வைக்க வேண்டாம். அதுகளுக்கு முதலில் தீனி வேண்டும்.

வைப்பது என்று முடிவெடுத்தால்...

உட்கார்ந்த அன்றைக்கே முட்டையை வைத்துவிடாதீர்கள். ரெண்டு மூணு பழைய முட்டையோ, முட்டை அளவு வழவழப்பான கல்லோ வைத்து, ரெண்டு ராத்திரி பாருங்கள். ராத்திரியும் எழுந்து போகாமல் கூட்டிலேயே இருந்தால் அடை உறுதி. நல்ல முட்டையை அதற்குப் பிறகு, இருட்டியதும், ஒரே நேரத்தில் மொத்தமாக வைக்க வேண்டும். இன்றைக்கு நாலு, நாளைக்கு மூணு என்று வைத்தால் பொரிப்பதும் முன்னே பின்னே ஆகும். முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி எழுந்து போய்விடும். மிச்ச முட்டை அத்தனையும் வீண்.

முட்டை புதுசாக இருக்க வேண்டும். இட்டு 7 நாளுக்குள் இருந்தால் நல்லது. 10 நாளைத் தாண்டினால் பொரிப்பு குறையும். அடைக்காகச் சேர்க்கும் முட்டையைக் கழுவக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். வெயில் காலத்தில் ஈர மணல் போட்ட மண்பானையின் மேல் துணி விரித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம். கடையில் 'நாட்டுக்கோழி முட்டை' என்று வாங்கியதை வைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஓடு பழுப்பாக இருப்பதாலேயே அது சேவல் சேர்ந்த கோழியின் முட்டை ஆகிவிடாது.

எத்தனை முட்டை? சிறுவிடைக்கு 8 முதல் 10, பெரிய கோழிக்கு 12 வரை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வையுங்கள், தப்பில்லை. உட்கார்ந்த பிறகு பக்கவாட்டில் முட்டை எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பதுதான் உண்மையான அளவு. ஆசைப்பட்டு 15, 18 என்று வைத்தால், கோழி முட்டையைப் புரட்டும்போது ஒவ்வொன்றும் முறை வைத்து ஓரத்துக்கு வந்து ஆறிப்போகும். கடைசியில் 10 வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகத்தான் பொரிக்கும்.

வாய் அகன்ற கூடை அல்லது பழைய மண்சட்டி போதும். அடியில் ஒரு கை மணல் பரப்பி, நடுவில் லேசாகக் குழித்து, மேலே வைக்கோலோ தேங்காய் நாரோ போடுங்கள். ஒரு கைப்பிடி வேப்பிலை, நொச்சி இலை போட்டால் பேன் தொல்லை குறையும் என்று போடுவார்கள். வைப்பதற்கு முன்னால் கோழியின் இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் பேன் இருக்கிறதா என்று ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடுங்கள். செள்ளு கடி தாங்காமல் நடுவில் எழுந்து போகிற கோழிகள் அதிகம்.

இடத்தை மாற்ற வேண்டும் என்றால் ராத்திரியில் மாற்றுங்கள். இருட்டாக, காற்றோட்டமாக, எலியும் பாம்பும் நாயும் வராத மூலை. பக்கத்திலேயே தண்ணீர், கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம். இந்த நேரத்தில் தானியமே போதும். தினம் ஒரு தடவை தானாக இறங்கித் தின்று, புரண்டு, திரும்பும். அந்த 20 நிமிஷத்தில் முட்டை ஆறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ரெண்டு நாளாக இறங்கவே இல்லை என்றால்தான் நீங்கள் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும் முன் இறக்கைக்குள் முட்டை இடுக்கியிருக்கிறதா என்று பார்த்துத் தூக்குங்கள்.

7-வது நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது பொரிக்காது. எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகிக் கூமுட்டையாகி, சில நேரம் கூட்டிலேயே வெடித்து மற்ற முட்டையையும் கெடுக்கும்.

18-வது நாளுக்குப் பிறகு கையே வைக்கக் கூடாது. 21-வது நாளை ஒட்டி ஓடு விரியும். விரிய ஆரம்பித்த முட்டையிலிருந்து குஞ்சு முழுசாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். "பாவம், கஷ்டப்படுது" என்று ஓட்டை உரித்துவிட்டால் உள்சவ்வில் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும். உள்ளே மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு வருவதால், முதல் நாள் குஞ்சுக்குத் தீனி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. 10 வைத்து 7, 8 பொரித்தால் நல்ல கணக்கு. 23-வது நாளிலும் அசைவில்லாமல் கிடக்கும் முட்டையை எடுத்துத் தூரப் போட்டுவிடலாம்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. குறுகலான கூடையாக இருந்தால், சாகும். அதனால் பொரிப்பு முடிந்ததும் தாயையும் குஞ்சையும் தரைக்கு மாற்றிப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். முதல் வாரத்துக்குள் கோழிக்கழிச்சலுக்கு எதிராக லசோட்டா சொட்டு மருந்து போட வேண்டும். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 21 நாள் காத்திருந்து பொரித்த ஈட்டை ஒரே வாரத்தில் கழிச்சலுக்குப் பறிகொடுத்த வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

இடி இடித்தால் முட்டை கெடுமா?

அடைக்கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ரெண்டு மிளகாய் வற்றல். இது இல்லாமல் முட்டை வைக்க மாட்டார்கள் பாட்டிமார்கள். இடி விழுந்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு அதைத் தாங்கும் என்பது நம்பிக்கை. இரும்பால் இடியிலிருந்து முட்டையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. மழைக்காலத்தில் பொரிப்பு குறைவதற்கு வேறு காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன: ஒழுகுகிற கூரை, நனைந்த வைக்கோல், சத்தத்தில் மிரண்டு எழுந்து போகிற கோழி. இரும்பைப் போடுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கூரையையும் பார்த்துவிடுங்கள்.

தெளிய வைப்பது எப்படி?

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டால் வேலை சுலபம். முட்டையை அப்போதைக்கப்போது எடுத்துவிடுவது, கூட்டை மூடுவது, ராத்திரி தூக்கிக்கொண்டுபோய் மற்ற கோழிகள் அடையும் உயரமான கம்பில் உட்கார வைப்பது. சில கோழிகள் இதிலேயே மறந்துவிடும்.

மறக்காத கோழிக்குக் கம்பிக்கூண்டு. அடிப்பக்கமும் கம்பியாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்று போகும். உள்ளே வைக்கோல், சாக்கு, துணி எதுவும் கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். பட்டினி போட்டால் சீக்கிரம் தெளியும் என்பது தப்பு. பட்டினி போட்டால் மறுபடி முட்டைக்கு வருவதுதான் தள்ளிப்போகும். வெளிச்சமான, ஆனால் நேர் வெயில் படாத இடத்தில், மற்ற கோழிகள் நடமாடுவது தெரிகிற மாதிரி வையுங்கள். உட்கார்ந்தால் வயிற்றுக்கு அடியில் மெத்தென்று எதுவும் இல்லை, இருட்டும் இல்லை. கூடு கட்டும் எண்ணமே போய்விடும்.

கூண்டு இல்லையா? தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் ரெண்டு போதும். ஒன்றைக் கவிழ்த்துச் செங்கல் மேல் வைத்தால் அதன் ஓட்டை போட்ட அடிப்பக்கம் தரை. இன்னொன்றை அதன் மேல் கவிழ்த்தால் கூரை. கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். கோழி எழுந்து நிற்க உயரம் போதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாய் இருக்கிற இடமென்றால் ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள்.

மூணு நாள் கழித்துத் திறந்து விடுங்கள். மேய்ச்சலுக்குப் போனால் தெளிந்துவிட்டது. நேராகக் கூட்டுக்கு ஓடினால் இன்னும் ரெண்டு நாள். அடைக்கு வந்து ரெண்டு வாரம் ஆன கோழியென்றால் ஒரு வாரம்கூட ஆகலாம்.

இதில் பலர் செய்கிற தப்பு, கோழியைப் பஞ்சாரத்துக்குள் போட்டு அடைப்பது. பஞ்சாரத்துக்குள் பாதி இருட்டு, அடியில் மண். அது மண்ணையே குழித்து, அங்கேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். நாலு நாள் கழித்துத் திறந்தால் முன்னைவிடக் கெட்டியான அடை!

மூக்கில் இறகு, தண்ணீரில் முக்கல்... பழைய வழிகள் சரியா?

கோழியின் சொந்த இறகு ஒன்றைப் பிடுங்கி, ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைத்து மறு துவாரம் வழியாக எடுத்து விடுவது ஊர்ப்பக்கம் இன்றும் நடக்கிறது. அது நாள் முழுக்கத் தலையை உதறி, காலால் சொறிந்து, இறகை எடுக்கப் பார்க்கும். அந்த அவதியில் உட்கார முடியாமல் அடையை விடும். வேலை செய்கிறதா என்றால் சில நேரம் செய்கிறது. ஆனால் மூக்கில் புண், சளி, மூச்சுத் திணறல் என்று அதற்கு விலை கோழி கொடுக்கிறது. கூண்டில் மூணு நாளில் வலியே இல்லாமல் நடக்கிற காரியத்துக்கு இது தேவையே இல்லை என்பதுதான் நம் கருத்து.

தண்ணீரில் முக்கி எடுப்பது அடுத்தது. வயிற்றுச் சூட்டைத் தணித்தால் அடை போய்விடும் என்ற எண்ணத்தில் செய்வது. நல்ல வெயிலில், உச்சி நேரத்தில், வயிற்றுப் பக்கம் மட்டும் நனைப்பதால் பெரிய கெடுதல் இல்லை. பெரிய பலனும் இல்லை. காய்ந்ததும் மறுபடி போய் உட்காரும் கோழிகள்தான் அதிகம். மார்கழிக் குளிரிலும் அடைமழையிலும் முக்கி எடுத்தால் அடை தெளிகிறதோ இல்லையோ, கோழிக்குச் சளி பிடிக்கும்.

காலில் கயிறு கட்டி வேப்பமரத்தடியில் மூணு நாள் விடுவதும் உண்டு. கூட்டிலிருந்து பிரிப்பதால் இது பலன் தரும். ஆனால் கயிறு அறுத்துக் கால் வீங்கும். கீரியோ நாயோ வந்தால் ஓட வழியில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும், மெத்தென்ற துணிப் பட்டையால் கட்டலாம். இது தவிர, "உடம்பு சுடுது" என்று காய்ச்சல் மாத்திரை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடைச்சூடு காய்ச்சல் இல்லை. மாத்திரை வேண்டாம்.

சேவலே இல்லை, ஆனால் கோழி எழ மாட்டேன் என்கிறது!

மொட்டை மாடியில் பெட்டைக்கோழி மட்டும் வளர்ப்பவர்களின் சிக்கல் இது. அவர்களுக்கு ரெண்டு வழி இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சேவலோடு மேய்கிற கோழியின் முட்டையை வாங்கி வைக்கலாம். அல்லது, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சை வாங்கிச் சேர்க்கலாம். ரெண்டாவதற்குக் கோழி பத்து நாளாவது கல்லையோ பொய் முட்டையையோ அணைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏற்கும் வாய்ப்பு அதிகம். நல்ல இருட்டில், ஒவ்வொரு பொய் முட்டையாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒவ்வொரு குஞ்சாக அடியில் விட வேண்டும். விடியும் முன்பே எழுந்து போய்ப் பாருங்கள். தாழ்ந்த குரலில் 'கொக் கொக்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டது. கொத்தினால் உடனே பிரித்து, விளக்குச் சூட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் வளர்ந்த குஞ்சை இப்படிச் சேர்க்க முடியாது. கோழியும் ஏற்காது, குஞ்சும் நிற்காது.

வாத்து முட்டையும் கினிக்கோழி முட்டையும்கூட நாட்டுக்கோழி பொரித்துக் கொடுக்கும். ஆனால் வாத்துக்கு 28 நாள். கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டும் என்பதால், நல்ல எடையுள்ள கோழியாகப் பார்த்து வையுங்கள்.

மறுபடி எப்போது முட்டை?

கலைத்த கோழி என்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம். முதலில் வெளிறிய கொண்டை சிவக்கும், பிறகு கூடு தேட ஆரம்பிக்கும். இந்த நாட்களில் வெறும் அரிசியும் கம்பும் போதாது. முட்டைக்கோழித் தீவனமோ, கடலைப் புண்ணாக்கோடு கருவாட்டுத் தூளோ சேர்த்துக் கொடுங்கள். ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில்.

குஞ்சோடு இருக்கும் கோழியைச் சீக்கிரம் முட்டைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், குஞ்சுக்கு இறகு நன்றாக முளைத்த 5, 6 வாரத்தில் பிரிக்கலாம். முதல் ரெண்டு நாள் ரெண்டு பக்கமும் கத்தல் காது கிழியும். ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் வைத்தால் சீக்கிரம் அடங்கும்.

தெளிய வைத்தும் மாதா மாதம் அடைக்கு வருகிற கோழி சில வீடுகளில் இருக்கும். அதைத் திட்டி விற்றுவிடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முட்டை இருந்தும் உட்காரக் கோழி இல்லாமல் தவிக்கிற வீடு ஒன்று அதே தெருவில் இருக்கும். பொரித்ததில் பாதிக்குப் பாதி என்று பேசிக்கொண்டு கோழியைக் கூடையோடு ராத்திரி கொண்டுபோய் விடுவது கிராமங்களில் பழைய ஏற்பாடுதான்.